90 வீதமா, ‘பி’ தரமா, பெயிலா? ஒரே ஓடிட்டுக்கு எந்தப் புள்ளி முறை

யாழ்ப்பாணத்தில் மார்க்ஸ் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. புலமைப்பரிசில் பரீட்சை தொடங்கி ஏ.எல். வரை எண்ணை வைத்தே ஆளை எடைபோட்டுப் பழகிய ஊர். ஆகவே இங்குள்ள ஒரு சின்னக் கம்பனி முதன்முதலாகத் தரக் கணக்காய்வு செய்து முடித்ததும், முதலாளி கேட்கும் முதற் கேள்வி "ஓடிட்டில எத்தனை மார்க்ஸ்?" என்பதாகத்தான் இருக்கும். கேள்வியில் பிழையில்லை. ஆனால் அந்த மார்க்ஸைப் போட ஐந்தாறு முறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை சொல்லும். சில வேளை ஒன்றுக்கொன்று நேர்மாறாகவே சொல்லும். எதைத் தெரிவு செய்வது என்று முடிவெடுக்க வேண்டிய தர முகாமையாளர்களுக்கும் முதலாளிமாருக்குமாக இதை எழுதுகிறேன்.

என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன். முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் உணவுக் கம்பனி ஒன்றுக்கு, மொத்த வீதத்தை மட்டும் நம்பும் முறைதான் எல்லாவற்றிலும் மோசம். ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு தெளிவு. தர முகாமைத்துவத்துக்கான சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 9001:2015 இன் 9.2 ஆம் பிரிவு உள்ளகக் கணக்காய்வைக் கட்டாயமாக்குகிறது. திட்டமிட்ட இடைவெளிகளில் செய்ய வேண்டும், பக்கச்சார்பில்லாமல் செய்ய வேண்டும், பெறுபேற்றை உரிய முகாமையாளரிடம் சேர்க்க வேண்டும், குறைகளைத் தாமதமில்லாமல் திருத்த வேண்டும். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. மார்க்ஸ் போடச் சொல்லி ஒரு வரியும் இல்லை. கணக்காய்வை நடத்தும் விதத்தைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. 19011:2018, குறைகளைத் தரம் பிரிக்கலாம் என்கிறது: 1 முதல் 5 வரை எண்ணாகவோ, மேஜர் (பெரிய குறை), மைனர் (சின்னக் குறை) என்றோ. அதுவும் "பிரிக்கலாம்" தான், "பிரிக்க வேண்டும்" அல்ல. "ஐ.எஸ்.ஓ.வுக்கு 85 வீதம் வேணும்" என்று யாராவது சொன்னால் அது அவர் சொந்தமாகச் சேர்த்த சரக்கு. அதாவது இந்தத் தெரிவு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

சரி, ஓர் ஆலையை வைத்துக்கொள்வோம். அச்சுவேலிப் பக்கம், முப்பத்தைந்து பேர். மிளகாய்த்தூள், கறித்தூள், ஒடியல் மா மூன்றையும் அரைத்துப் பைக்கற் பண்ணுகிறார்கள். கொழும்புக் கடைகளுக்குப் போகிறது. லண்டன், பாரிஸ், ரொறன்ரோவிலுள்ள எங்கடை ஆட்களின் கடைகளுக்கும் கொஞ்சம் போகிறது. ஆலை கற்பனைதான். ஆனால் கீழே வரும் குறைகள் ஒன்றும் கற்பனை இல்லை. இப்படியான இடங்களில் சாதாரணமாகக் காண்பவை.

உள்ளக ஓடிட்டுக்கு 60 கேள்விகள். 54 இல் ஒரு பிரச்சினையும் இல்லை. மிச்சம் ஆறு. அரைக்கும் இடத்தில் நிற்கும் ஒருவரின் மணிக்கட்டில் நல்லூர்த் திருவிழாவில் கட்டிய நூல் இன்னும் இருக்கிறது. பின் கதவின் ஈ வலை ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது. புதிதாக வந்த இரண்டு பேருக்குப் பயிற்சிப் பதிவு இல்லை. மிளகாய்ச் சாக்குகள் பலகைத் தட்டில் வைக்காமல் வெறும் நிலத்தில், சுவரோடு சாய்த்து அடுக்கியிருக்கிறது. ஈரப்பதன் பார்க்கும் கருவி ஒன்றரை வருடமாக அளவுத்திருத்தம் செய்யப்படவில்லை.

ஆறாவது குறை, தூளுக்குள் உலோகம் இருக்கிறதா என்று பார்க்கும் மெற்றல் டிடெக்ரரில். நேரம் காலை பதினொரு மணி. அதைச் சோதிக்கும் பதிவுத் தாளில் பிற்பகல் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் உரிய பெட்டிகளில் ஏற்கெனவே ‘சரி’ விழுந்திருக்கிறது, பெயரின் முதலெழுத்தோடு. சோதனைத் துண்டுகள் மூன்றும், இரும்பு ஒன்று, இரும்பு அல்லாத உலோகம் ஒன்று, ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் ஒன்று, லாச்சிக்குள் உறை பிரிக்காமல் கிடக்கின்றன. அரைக்கும் இயந்திரத்தின் பாகங்கள் தேயத் தேயத் தூளுக்குள் உலோகத் துகள் விழும்; அதைப் பிடிக்கத்தான் டிடெக்ரரையே வாங்கியது.

இந்த ஒரே ஓடிட்டை ஒவ்வொரு முறையாலும் கணக்குப் பார்ப்போம்.

ஆம் அல்லது இல்லை என்று மட்டும் குறித்தால் 60 இல் 54, அதாவது 90 வீதம். சுவரில் தொங்கவிட்டுப் படம் எடுக்கக் கூடிய எண். இதில் மணிக்கட்டு நூலும் மெற்றல் டிடெக்ரரும் ஒரே எடை, ஆளுக்கு ஒரு மார்க்.

படிப்படியாகப் பிரித்து மார்க்ஸ் போடும் முறைக்கு ஜேர்மன் வாகனத் தொழிலின் கணக்காய்வு முறையான வி.டி.ஏ. 6.3 நல்ல உதாரணம். ஒவ்வொரு கேள்விக்கும் 10, 8, 6, 4, 0 என்று ஐந்து படி. எங்கள் ஆலையில் 54 கேள்விக்கு முழுப் பத்து. நூல், ஈ வலை, பயிற்சிப் பதிவு மூன்றுக்கும் எட்டு. சாக்கு, ஈரப்பதன் கருவி இரண்டுக்கும் ஆறு. டிடெக்ரருக்குப் பூச்சியம் என்று கொடுத்தால் 600 க்கு 576. 96 வீதம்! ஆம், இல்லை முறையை விட ஆறு வீதம் கூடிவிட்டது. நுணுக்கமாகப் பிரிக்கப் பிரிக்கச் சின்னக் குறைகளுக்குப் பாதி மன்னிப்பு கிடைக்கும், பெரிய குறை சராசரிக்குள் கரையும். வி.டி.ஏ.காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் 90 வீதத்துக்கு மேல் ஏ, 80 க்கு மேல் பி, அதற்குக் கீழே சி என்று வைத்துவிட்டு, முக்கியமான சில கேள்விகளுக்கு நட்சத்திரமும் போட்டார்கள். நட்சத்திரக் கேள்வி ஒன்றில் பூச்சியம் விழுந்தால் வீதம் எவ்வளவாக இருந்தாலும் பெறுபேறு சி. டிடெக்ரர் கேள்விக்கு நட்சத்திரம் போட்டிருந்தால் எங்கள் 96 வீத ஆலை சி.

வாகனத் தொழிலுக்கும் கறித்தூளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நட்சத்திரத்தை மட்டும் இரவல் வாங்கினால் போதும். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஐரோப்பியச் சூப்பர்மார்க்கெட்டுகள் கேட்கும் ஐ.எப்.எஸ். உணவுத் தரநியமம் இதையே வேறு விதமாகச் செய்கிறது. அதன் 8 ஆம் பதிப்பில் ஏ என்றால் 20 புள்ளி, பி 15, சி 5, டி என்றால் மைனஸ் 20. மேஜர் ஒன்று விழுந்தால் மொத்தப் புள்ளியில் 15 வீதம் கழியும். கட்டாயத் தேவை என்று குறித்த பத்தில் ஒன்று டி ஆனால் 50 வீதம் கழியும். 75 வீதம் எடுத்தால்தான் சான்றிதழ், 95 எடுத்தால் உயர்தரம். அசல் பட்டியல் எங்களுடையதை விட மிக நீளமானது, ஆனாலும் கணக்கின் போக்கு தெரிய 60 கேள்வியே போதும். நூல், ஈ வலை, பயிற்சிப் பதிவு மூன்றுக்கும் பி, சாக்கு, ஈரப்பதன் கருவி இரண்டுக்கும் சி கொடுத்து, டிடெக்ரருக்குச் சும்மா ஒரு டி போட்டால் 1200 க்கு 1115, கிட்டத்தட்ட 93 வீதம். டிக்குப் பதிலாக மேஜர் என்று எழுதினால் 955, அதாவது 79.6 வீதம். கட்டாயத் தேவை உடைந்தது என்று எழுதினால் 535, வெறும் 44.6 வீதம், பெயில். ஐ.எப்.எஸ்.இல் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கண்காணிப்பது கட்டாயத் தேவைகளில் ஒன்று. ஆகவே டிடெக்ரரை ஹசப் எனப்படும் உணவுப் பாதுகாப்புத் திட்டத்தில் அப்படியான புள்ளியாக எழுதிவைத்திருக்கும் ஆலைக்கு, இந்தத் தாளைப் பிடித்த ஓடிட்டர் பெரும்பாலும் மூன்றாவது இடத்தில்தான் வந்து நிற்பார்.

93, 79.6, 44.6. குறை ஒன்றுதான், பார்த்த கண்ணும் ஒன்றுதான். மாறியது ஓடிட்டர் எழுதிய ஒரு சொல்.

பிரித்தானிய உணவுத் தரநியமமான பி.ஆர்.சி. முறையில் வீதமே இல்லை. குறைகளைக் கிறிற்றிக்கல் (மிக ஆபத்தானது), மேஜர், மைனர் என்று வகைப்படுத்தி எண்ணுவார்கள். 9 ஆம் பதிப்பின்படி ஐந்து மைனர் வரைக்கும் ஏஏ, ஆறிலிருந்து பத்து வரை ஏ. ஒரு மேஜர் வந்தால், மைனர் பத்துக்குள் இருந்தாலும் பி. எங்கள் ஆலை ஒரு மேஜர், ஐந்து மைனரோடு பி. அந்தத் தாள் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் ஏஏ. அடிப்படைப் பிரிவு ஒன்றின் நோக்கமே அடிபட்டுவிட்டது என்று ஓடிட்டர் கருதினால் சான்றிதழே கிடையாது. சி, டி தரம் வாங்கினால் அடுத்த ஓடிட்டுக்கு வருடம் ஒன்று காத்திருக்க முடியாது, ஆறு மாதத்தில் வந்துவிடுவார்கள். எனக்கு இந்த முறை பிடிக்கும். "எங்களுக்கு ஒரு மேஜர் இருக்கு" என்பதை முதலாளிக்கும் சுத்திகரிப்பு வேலை செய்பவருக்கும் ஒரே மாதிரிச் சொல்லலாம். 79.6 வீதம் என்பதை அப்படிச் சொல்ல முடியாது, உடனே "எதிலயடாப்பா குறைஞ்சது?" என்று திரும்பக் கேட்பார்கள்.

ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் தரும் நிறுவனங்களும் மேஜர், மைனர் வழியில்தான் போகின்றன. முதற் சான்றிதழுக்கு மேஜரைத் திருத்தியதை அவர்கள் சரிபார்த்தாக வேண்டும். மைனருக்குத் திருத்தும் திட்டம் ஒன்றைக் கொடுத்தால் போதும். மேஜரைத் திருத்தியதை ஆறு மாதத்துக்குள் சரிபார்க்க முடியாமல் போனால் இரண்டாம் கட்ட ஓடிட் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். ஓடிட்டர் கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் 400 கிலோமீற்றர் வந்து, இரவு தங்கி, திரும்பிப் போகும் செலவு உங்கள் தலையில் விழும். அவர் வந்து மேஜரைக் கண்டுபிடிப்பதை விட உங்கள் சொந்த ஓடிட் அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவோ மலிவு. உள்ளகப் புள்ளி முறை வெளி ஓடிட்டரை விடக் கொஞ்சம் கடுமையாக இருக்கட்டும் என்று நான் சொல்வதற்குப் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, இந்தச் செலவுதான்.

இனி வீத முறைக்குள் இருக்கும் ஒரு பழைய தந்திரம். எங்கள் 60 கேள்வியில் 12 கேள்விகள் அந்த ஆலைக்குப் பொருந்தாதவை என்று வையுங்கள். குளிரறை இல்லை, கண்ணாடிப் போத்தல் இல்லை, இப்படி. பொருந்தாத கேள்விக்கும் முழு மார்க் கொடுத்தால் 90 வீதம். அவற்றைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் 48 க்கு 42, அதாவது 87.5 வீதம். சித்திக் கோடு 90 என்று வைத்திருந்தால் ஒரு கணக்கில் பாஸ், மற்றதில் பெயில். எக்செல் தாளில் அந்த வாய்ப்பாடு எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எந்த வீதத்தையும் நம்ப வேண்டாம். வெளியிலிருந்து இறக்கிய படிவங்களில் இந்தப் பிழை நிறைய.

பிரிவுக்குப் பிரிவு எடை போடுவது அடுத்த யோசனை. சுகாதாரத்துக்கு 30, இயந்திரப் பராமரிப்புக்கு 20, ஆவணங்களுக்கு 15 என்று. கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில், எடை தீர்மானிக்கும் கூட்டமே ஒரு பேரம். ஆவணப் பொறுப்பாளர் தன் பிரிவுக்குக் குறைந்த எடை கேட்பார், மில் பொறுப்பாளரும் அப்படியே. கடைசியில் எல்லாம் கிட்டத்தட்டச் சமமாக வந்து நிற்கும். எடை போடாமலே இருந்திருக்கலாம். ஒரு கம்பனிக்குள் வேலை செய்யும் கிளைகளை ஒப்பிட இது தேவைப்படலாம். ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஆலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆபத்தைப் பெருக்கிப் பார்க்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொறியியல் படித்தவர்கள் இருக்கும் கம்பனிகளில் இதற்குத்தான் மவுசு. எங்கே என்ன பிழைக்கலாம் என்று முன்கூட்டியே ஆராயும் எப்.எம்.இ.ஏ. பாணியில் பாதிப்பின் கடுமை, நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிக்கும் சிரமம் மூன்றுக்கும் 1 முதல் 10 வரை எண் கொடுத்துப் பெருக்குவார்கள். உலோகத் துகளுக்குக் கடுமை 9, வாய்ப்பு 2, கண்டுபிடிக்கும் சிரமம் 2: பெருக்கினால் 36. பைக்கற்றில் லேபல் கோணலாக ஒட்டியதற்கு 3, 4, 3: அதுவும் 36. எந்தத் தாயும் இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டாள். பெருக்கல் சொல்லும். அமெரிக்க, ஜேர்மன் வாகனத் தொழில் அமைப்புகள் 2019 இல் சேர்ந்து வெளியிட்ட கைநூலில் இந்தப் பெருக்கலையே கைவிட்டு, உயர், நடு, தாழ் என்ற முன்னுரிமை அட்டவணைக்கு மாறிவிட்டார்கள். கடுமைக்கு அதில் முதலிடம்.

இந்த உதாரணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கண்டுபிடிக்கும் சிரமத்துக்கு 2 போட்டது, டிடெக்ரர் ஒழுங்காக வேலை செய்கிறது என்ற நம்பிக்கையில். அதைச் சோதிக்கவே இல்லை என்று ஓடிட்டில் தெரிந்த பிறகு அந்த 2 நிற்குமா? 9 ஆக வேண்டும். அப்போது பெருக்கினால் 162. ஓடிட் முடிந்த பிறகு ஆபத்து அட்டவணையைத் திறந்து எண்ணை மாற்றும் கம்பனியை அரிதாகத்தான் காணலாம். அட்டவணை ஒரு கோப்பில், ஓடிட் அறிக்கை வேறு கோப்பில், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நீங்கள் ஆபத்து முறையைத் தெரிவு செய்வதானால் இந்தத் திருத்தத்தைச் செய்ய ஓர் ஆளை நியமித்துவிட்டுச் செய்யுங்கள்.

முதிர்ச்சி மட்டத்தை அளக்கும் முறைகள் வேறு சாதி. ஐ.எஸ்.ஓ. 9004:2018 இன் பின்னிணைப்பில் 1 முதல் 5 வரை மட்டம் போட்டுத் தன்னைத் தானே மதிப்பிடும் அட்டவணை இருக்கிறது. அமெரிக்காவின் தர விருதான மல்கம் போல்ட்ரிஜ் விருது 1000 புள்ளிக்குக் கணக்கிட்டு வந்தது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் நடத்தும் தேசிய தர விருதும் அந்த வழியில் வந்ததுதான். தலைமைத்துவம் எப்படி, வாடிக்கையாளரை எப்படி விளங்கிக்கொள்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கும். நல்ல கேள்விகள். ஆனால் லாச்சிக்குள் கிடக்கும் சோதனைத் துண்டு இதில் அகப்படாது. வருடத்துக்கு ஒருமுறை முதலாளி குடும்பம் உட்கார்ந்து பேச உதவும், அதற்கு மேல் வேண்டாம்.

மனிதரைப் பற்றி ஒரு பந்தியாவது எழுதாவிட்டால் இந்த ஒப்பீடு அரைகுறை. இங்கே ஆலையில் வேலை செய்பவர்கள் அநேகமாக அடுத்தடுத்த ஒழுங்கையில் இருப்பவர்கள். ஓடிட் செய்யும் பிள்ளை, பைக்கிங் பொறுப்பாளரின் மகளோடு ஒரே வகுப்பில் படித்திருப்பாள். அங்கே நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"தங்கச்சி, எழுதுறதை எழுதுங்கோ. மேஜர் எண்டு மட்டும் போடாதேங்கோ. முதலாளி அதைத்தான் முதல் பாப்பார்."

"அண்ணை, மைனர் எண்டு போட்டால் அடுத்த முறையும் உந்தத் தாள் உப்பிடித்தான் கிடக்கும்."

"அப்ப எனக்கு மார்க்ஸ் குறையுமெல்லே?"

இந்தப் பேச்சில் யாரும் கெட்டவர் இல்லை. தரத்தை ஓடிட்டர் தன் மனத்தின்படி தீர்மானிக்க விட்டால், அவர் தாட்சண்யம் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எந்தக் கேள்வி உடைந்தால் மேஜர் என்பது ஓடிட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்தாகி இருந்தால், "நான் போடேல்லை அண்ணை, பட்டியலில அப்பிடித்தான் கிடக்கு" என்று அந்தப் பிள்ளை தப்பித்துக்கொள்ளலாம். வி.டி.ஏ.யின் நட்சத்திரத்தை இரவல் வாங்குங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். இப்படியான சின்ன ஊரில் அது கணக்கை விட மனிதருக்கு அதிகம் உதவும்.

அதே காரணத்துக்காக, ஓடிட் மார்க்ஸை வருட போனஸோடு முடிச்சுப் போட வேண்டாம். போட்ட அடுத்த மாதமே பதிவுத் தாள்கள் எல்லாம் அழகாக நிரம்பியிருக்கும், இரண்டு மணிப் பெட்டியும் காலையிலேயே.

பிரிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட ஆசை வரும். மில் 82, பைக்கிங் 94, களஞ்சியம் 88 என்று வரிசை போட்டால் பைக்கிங் திறம் என்று தோன்றும். ஆனால் தூசு பறக்கும் மில்லில் 82 எடுப்பது, குளிரூட்டிய பைக்கிங் அறையில் 94 எடுப்பதை விடக் கடினமாக இருக்கலாம். ஏ.எல்.இல் இதே சிக்கலுக்குத்தான் இசட் புள்ளி வந்தது: பாடத்துக்குப் பாடம் கடினம் வேறு என்பதால் வெறும் மார்க்ஸைக் கூட்டாமல், அந்தந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று பார்ப்பது. ஆலையிலும் அதைச் செய்யலாமே என்று கேட்கும் கணித ஆசிரியர்கள் எங்கள் ஊரில் குறைவில்லை. செய்ய முடியாது. ஏ.எல்.இல் ஒரு பாடத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள். உங்களிடம் நாலு பிரிவு, வருடத்துக்கு இரண்டு ஓடிட். ஒவ்வொரு பிரிவையும் அதன் பழைய பெறுபேற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அதிலும் காலத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊற்றும்போது களஞ்சியத்தின் ஈரப்பதனும் ஆடி வெயிலில் இருப்பதும் ஒன்றல்ல. ஆடியில் நிலத்தில் கிடக்கும் சாக்கு ஒரு மைனர். மாரியில் அதே சாக்கின் அடியில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கினால், அது உண்டாக்கும் நச்சான அஃப்ளாரொக்சின் பிரச்சினை. ஐரோப்பிய ஒன்றிய எல்லைப்படி மிளகாயில் மொத்த அஃப்ளாரொக்சின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அதில் பி1 மட்டும் 5 ஐத் தாண்டக் கூடாது. 12 வந்தால் "கொஞ்சம்தானே கூட" என்று பாதி மார்க் கொடுக்க இடமில்லை, சரக்குத் திரும்பி வரும். மாரி ஓடிட்டைப் போன மாரி ஓடிட்டோடும், கோடை ஓடிட்டைப் போன கோடையோடும் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

இனி யாருக்கு எது.

பிரான்சிலோ ஜேர்மனியிலோ உள்ள பெரிய கொள்வனவாளர் ஐ.எப்.எஸ். கேட்டால், லண்டன்காரர் பி.ஆர்.சி. கேட்டால், தெரிவு உங்களுடையதல்ல. அவர்களின் முறையிலேயே உள்ளக ஓடிட்டுக்கும் மார்க்ஸ் போட்டுப் பழகுங்கள். இரண்டு மொழியில் கணக்கு வைத்திருப்பது வீண் குழப்பம்.

யாரும் எதுவும் கேட்காத நிலையில் இருக்கும், எங்கள் அச்சுவேலி ஆலை மாதிரியான கம்பனிக்கு நான் சொல்வது: உள்ளக ஓடிட்டுக்குக் கிறிற்றிக்கல், மேஜர், மைனர் என்ற மூன்று வகை. அதோடு எட்டுப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு நிறுத்தப் பட்டியல். மெற்றல் டிடெக்ரர் சோதனை, மூலப்பொருளின் ஈரப்பதன், லேபலில் ஒவ்வாமைத் தகவலும் காலாவதித் திகதியும், குடிநீர்ப் பரிசோதனை, சரக்கை மீளப் பெறும் ஒத்திகை, பூச்சி மருந்து வைத்திருக்கும் இடம் போன்றவை அதில் வரும். இவற்றில் ஒன்று உடைந்தால் ஆகக் குறைந்தது மேஜர், பேச்சுக்கு இடமில்லை. பதிவைப் பொய்யாக நிரப்பியது தெரிந்தால் எந்தக் கேள்வியாக இருந்தாலும் மேஜர். அதற்கும் மேலாக ஒரு விதி: போன முறை எழுதிய அதே குறை திரும்ப வந்தால் ஒரு படி ஏறும். மைனர் மேஜராகும். இந்த ஒரு விதி மட்டும் போதும், ஈ வலையை யாராவது தைத்துவிடுவார்கள்.

வீதத்துக்கும் ஓர் இடம் உண்டு. வாராவாரம் சுப்பவைசர் சுற்றிப் பார்க்கும் சுகாதாரச் சுற்றுக்கு ஆம், இல்லை என்று இருபது கேள்வி போட்டு, வீதத்தைப் பலகையில் எழுதலாம். பத்து நிமிட வேலை, பெரிய தீர்ப்பு ஒன்றும் அதில் தங்கியில்லை, ஏற்ற இறக்கம் வேலையாட்களுக்கே தெரியும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கொண்டுவரும் படிவமும் புள்ளி கூட்டித் தரம் போடுவதுதான் என்பதால், அந்தப் படிவத்தின் கேள்விகளையே எடுத்து இதற்கு வைத்துக்கொண்டால் அவர் வரும் நாளிலும் பதற்றம் குறையும்.

வழங்குநரை மதிப்பிடுவதற்கு மட்டும் 10, 8, 6, 4, 0 முறைதான் சரி என்று நினைக்கிறேன். இறக்குமதி மிளகாய் விற்கும் மூன்று வியாபாரிகளில் யாரிடம் வாங்குவது, வன்னி விவசாயியிடம் நேரே எடுப்பதா, கொழும்பிலிருந்து வரும் பொதித்தாளில் எந்த அச்சகம் என்று வரிசைப்படுத்த எண் தேவை. அங்கேயும் ஈரப்பதனுக்கும் ஆய்வுகூட அறிக்கைக்கும் நட்சத்திரம் போட மறக்க வேண்டாம். மலிவாகக் கொடுத்து, கடன் தவணையும் தரும் வியாபாரி மற்றக் கேள்விகளில் எல்லாம் பத்துப் பத்தாக வாங்கி மேலே வந்துவிடுவார்.

பத்துப் பேருக்குக் கீழே உள்ள குடும்பத் தொழில், வீட்டுக்குப் பின்னால் பனங்கட்டியோ ஊறுகாயோ செய்பவர்கள், இதில் எதையும் தொடத் தேவையில்லை. நிறுத்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவரைக் கொண்டு பார்ப்பித்தால் போதும்.

அறிக்கையின் முதற் பக்கத்தில் என்ன வர வேண்டும் என்பதும் ஒரு தெரிவுதான். நான் மூன்று எண்களைத்தான் வைப்பேன்: திறந்திருக்கும் மேஜர் எத்தனை, திரும்ப வந்த குறை எத்தனை, சொன்ன திகதிக்குள் மூடியவை எத்தனையில் எத்தனை. மூடியது என்றால் பொறுப்பாளர் "செய்தாச்சு" என்று சொன்னது அல்ல. ஓடிட் செய்தவர் திரும்பப் போய்ப் பார்த்துக் கையெழுத்து வைத்தது. மெற்றல் டிடெக்ரர் விஷயத்தில் அதைப் பதிவுத் தாளைப் பார்த்து மூடக் கூடாது. முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் மூன்றரை மணிக்குப் போய், நாலு மணிச் சோதனையைக் கண்ணால் பார்த்து, மூன்று துண்டுக்கும் இயந்திரம் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூட வேண்டும்.

ஏற்கெனவே வீத முறையில் இரண்டு மூன்று வருடம் ஓடிய கம்பனி இதற்கு மாறும்போது, முதலாளி "போன வருஷம் 91, இந்த வருஷம் இரண்டு மேஜரா?" என்று அதிர்வார். அதைத் தவிர்க்க, மாறும் வருடத்தில் நடக்கும் இரண்டு ஓடிட்டையும் பழைய முறையிலும் கணக்கிட்டு, இரண்டு பெறுபேற்றையும் ஒரே தாளில் அருகருகே எழுதிக் கொடுங்கள். இரண்டாவது ஓடிட்டுக்குப் பிறகு பழைய வரிசையை எடுத்துவிடலாம்.